வியாழக்கிழமைத் தாள்: முதலாம் ஆண்டுப் பெற்றோருக்கு வரும் வாரத் தகவல் எப்படி?

கடைக்கு விமர்சனம் எழுதுகிறோம், கிளினிக்குக்கு எழுதுகிறோம், ஈப்போ வரைக்கும் போய்ச் சாப்பிட்ட வாழையிலைச் சாப்பாட்டுக்குப் படம் போட்டு எழுதுகிறோம். பள்ளியிலிருந்து வாராவாரம் பெற்றோருக்கு வருகிற தகவலைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருக்கிறவர்களுக்கு அதைவிட முக்கியமான சேவை வேறு என்ன இருக்கிறது? அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள், உங்கள் பள்ளியிலும் கேட்டு வாங்க உதவும்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே கொஞ்சம் பால்மரம். என் மகள் முதலாம் ஆண்டு, அதாவது முதல் வகுப்பு. படிப்பது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, சின்னப் பள்ளி. 150 பேரும் அதற்குக் குறைவாகவும் படிக்கிற பள்ளிகளை அரசாங்கம் குறைந்த மாணவர் பள்ளி என்று தனியாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது, எங்களுடையதும் அதில் ஒன்று. பள்ளியின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் போடவில்லை, அவரைக் கேட்காமல் போடுவது முறையில்லை. நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டுகிறார், காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு, முன்னாலேயே கிளம்பிவிடுவார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் வந்தால் சோறு போடுவதும் அத்தைதான், அதாவது என் மாமியார். தோட்டத்துப் பக்கம் பாதி வீட்டில் இதே கதைதான். பெற்றோருக்கு என்று எழுதுகிற தகவலை நிஜத்தில் முதலில் கையில் வாங்குவது பாட்டி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளி ஞாயிறு தொடங்கி வியாழன் முடியும். அதனால் எங்கள் வகுப்பின் வாரத் தகவல் வியாழக்கிழமை மதியம் பிள்ளையின் பையில் வருகிறது. ஒரே ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம்தான். மேல் பாதி தமிழ், கீழ்ப் பாதி அதே விஷயம் மலாயில். அன்று மாலை ஆசிரியை அதே தாளைப் படமெடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவார், கூடவே தன் குரலில் ஒரு பதிவு, மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. அந்தக் குழுவில் ஆசிரியை மட்டும்தான் எழுத முடியும், நாம் எழுத முடியாது. கேட்க ஏதாவது இருந்தால் அவருக்குத் தனியாக அனுப்பலாம், பள்ளி நேரத்தில் பதில் வரும். ஒரு காசு செலவில்லை. நகல் எடுக்கிற செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்கிறது.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: மிக நன்றாக இருக்கிறது. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்வேன். ஆனால் இந்தத் தாள் வருவது நின்றுபோனால் பள்ளிக்குப் போய் நின்று கேட்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தாளில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரத்தை எடுத்துக் காட்டுகிறேன். தமிழில் அந்த வாரம் 'டை' வருகிற சொற்கள் படித்தார்களாம். கணிதத்தில் வெள்ளியும் சென்னும், அதாவது பத்து வெள்ளிக்குள் பணம் எண்ணுவது. அறிவியலில் எந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சும், எது உறிஞ்சாது. இது மூன்று நான்கு வரிதான். அதற்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, 'வீட்டில் இதைக் கேளுங்கள்' என்று தலைப்பு. அந்த வாரம் அதில் இப்படி இருந்தது: நம் வீட்டில் 'டை' என்று முடிகிற பொருள்கள் எவை, பிள்ளையைத் தேடி வரச் சொல்லுங்கள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். வீட்டில் இருக்கிற மூன்று துணி அல்லது பையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எது முதலில் நனைகிறது என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

இவ்வளவுதான். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மகள் குடை, கூடை, சட்டை, முட்டை வரைக்கும் கண்டுபிடித்துவிட்டு நின்றுவிட்டாள். அடுப்படியிலிருந்த அத்தை, மட்டையை விட்டுட்டியே, மூட்டையை விட்டுட்டியே என்று ஆரம்பித்தவர், செம்பனை மட்டை, உர மூட்டை, நெல்லு மூட்டை, கட்டை, கோட்டை, சாட்டை, வேட்டை என்று சொல்லிக்கொண்டே போனார். இவள் நோட்டை எடுத்து வந்து ஒவ்வொன்றையும் எழுத, அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் பார்த்து, இந்தக் கொம்பை முன்னாடி போடு, இது ட, இது த என்று திருத்தினார். உர மூட்டை எத்தனை கிலோ, அதை யார் தூக்குவார்கள், பாட்டி நீ தூக்கியிருக்கிறாயா என்று பேச்சு எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவர் அத்தை. தன் பேத்திக்குப் பாடம் சொல்லித் தர முடியும் என்று அவரே நினைத்ததில்லை, இப்போது பாடத்திட்டமெல்லாம் மாறிவிட்டது, எனக்கென்னம்மா தெரியும் என்பார். ஒரு தாளின் ஒரு வரி அவரை மறுபடி உட்கார வைத்தது.

தண்ணீர்ச் சோதனையும் செய்தாள். தாத்தாவின் பழைய கைலி, ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, அப்பாவின் மழைச்சட்டை. மூன்றையும் வாசல் சிமெண்டில் விரித்து ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினாள். மழைச்சட்டையின் தோள் பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஆனால் அக்குள் பக்கத் தையலில் உள்ளே இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் அன்றுதான் அந்தத் தையல் விட்டுப்போனதையே பார்த்தார். மழை உறிஞ்சாத சட்டை ஏன் இங்கே மட்டும் உறிஞ்சியது என்று மகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டிருக்கிறாள். ஆசிரியை அந்தக் கேள்வியை அடுத்த வாரத் தாளில் போட்டிருந்தார், பிள்ளையின் பெயர் இல்லாமல், 'நம் வகுப்பில் ஒரு நல்ல கேள்வி' என்று.

பெரும்பாலான பள்ளிகளிலிருந்து வருகிற வாரத் தகவல் செய்தியாக மட்டும் இருக்கும். இது நடந்தது, அது நடக்கப் போகிறது, படங்கள் இதோ. படித்துவிட்டு ஒரு கட்டை விரல் போட்டால் வேலை முடிந்தது. இந்தத் தாள் படிக்கிறவரின் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறது. பிள்ளையிடம் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும், எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதே பிள்ளையிடம், தண்ணீரை உறிஞ்சாத துணி எது என்று கேட்டுப் பாருங்கள், வாய் மூடாது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதில் தெரியும், என்ன கேட்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். நம் காலத்தில் பரீட்சை இருந்தது, மதிப்பெண் இருந்தது, வகுப்பில் எத்தனையாவது ஆள் என்று அட்டையில் எழுதியிருக்கும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஓர் எண் கைக்கு வந்துவிடும். 2019-லிருந்து முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை பரீட்சை கிடையாது. ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சையான யூபிஎஸ்ஆரையும் 2021-ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வகுப்பறை மதிப்பீடு. ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளை செய்வதைப் பார்த்து அடைவுநிலை போடுவார், 1 முதல் 6 வரை. பரீட்சையை எடுத்தது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன், ஏழு வயதுக் குழந்தை ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் போனதும் பெற்றோர் இருட்டில் விடப்பட்டார்கள். அறிக்கை கைக்கு வருவதற்குள் ஆண்டில் பாதி ஓடிவிடுகிறது. பிள்ளைக்குக் கூட்டல் வரவில்லை என்பது அப்போதுதான் தெரியும் என்றால் அதற்குள் மற்றவர்கள் கழித்தலையும் முடித்துவிட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது இந்த ஒரு தாள்தான்.

அடைவுநிலை பற்றியும் இந்த ஆசிரியை ஒரு வாரம் ஒதுக்கி எழுதினார், அதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அறிக்கையில் 3 என்று வந்தால் பல வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறது, ஆறுக்கு மூன்று என்றால் பாதிதானே என்று கணக்குப் போட்டு. அது அப்படி இல்லை என்று எளிய தமிழில் எழுதியிருந்தார். 1 என்றால் பிள்ளைக்கு அந்த விஷயம் தெரியும். 2 என்றால் தெரியும், புரிந்தும் இருக்கிறது. 3 என்றால் தெரிந்து, புரிந்து, தானே செய்யவும் முடிகிறது, அடைய வேண்டிய குறைந்தபட்ச நிலை அதுதான். அதற்கு மேலே போகப் போக முறையாகச் செய்வது, மற்றவருக்கு எடுத்துக்காட்டாகச் செய்வது என்று உயர்கிறது. பிள்ளையோடு பிள்ளையை ஒப்பிடுவதற்காக இது போடப்படவில்லை, போன முறை எங்கே இருந்தாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள் என்று கடைசியில் ஒரு வரி. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அந்தத் தாளைக் கடன் வாங்கிப் படித்தவர்கள் உண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் அப்பாக்கூட.

சரி, குரல் பதிவுக்கு வருகிறேன். இது எல்லோருக்கும் தேவைப்படுமா என்று முதலில் யோசித்தேன். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், மலாய் பேசுவார், படிக்கச் சொன்னால் திணறுவார். வீட்டுக்காரர் நேர்மாறு: தேசியப் பள்ளியில் படித்தவர், தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், மலாய் என்றால் ஒரே மூச்சு. நான் இரண்டும் படிப்பேன், ஆனால் ஷிப்ட் முடிந்து வரும்போது தாள் எங்கே என்று தேட உடம்பில் தெம்பிருக்காது. தாளின் மேல் பாதி அத்தைக்கு, கீழ்ப் பாதி அவருக்கு, குரல் எனக்கு, தொழிற்சாலைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு வருவேன். ஒரே தகவல் மூன்று பேரையும் மூன்று வழியில் வந்து சேர்கிறது. அச்சடித்த தாளை மட்டும் கொடுத்திருந்தால் ஒருவர் விடுபட்டிருப்போம், புலனத்தில் மட்டும் போட்டிருந்தால் அத்தை விடுபட்டிருப்பார். அவரிடம் இருப்பது பொத்தான் போன்.

இன்னொன்று, தோட்டத்து உள்ளே தொலைபேசி அலை எப்போதும் கிடைப்பதில்லை. வாசல் மாமரத்தடியில் நின்றால் கிடைக்கும், உள்ளே வந்தால் போய்விடும். முன்கட்டண டேட்டா வேறு, மாதக் கடைசியில் தீர்ந்துபோகும். அழகாக வடிவமைத்த பெரிய கோப்பு, காணொளி, படிவத்துக்கு இணைப்பு என்று அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கையில் வருகிற ஒரு தாளுக்கு அலை வேண்டாம், டேட்டா வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிவிடலாம்.

என் மூத்தவன் வேறு ஒரு பள்ளியில் படித்தான், இங்கே குடிவருவதற்கு முன்னால். அங்கே வாரத் தகவல் என்று ஒன்று கிடையாது, எல்லாம் புலனக் குழுவில்தான், எல்லோரும் எழுதலாம். காலை வணக்கம் படம், சாமி படம், பிறந்தநாள் வாழ்த்து, டுரியான் விற்பனை, காப்புறுதி, யார் வீட்டுப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலை மாற்றி எடுத்துப் போனது என்ற விசாரணை. இதற்கு நடுவே ராத்திரி பத்தரை மணிக்கு ஆசிரியரின் ஒரு வரி, நாளைக்கு விளையாட்டுச் சட்டையில் வரவும் என்று. காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கு எழுகிறவள் அதை எப்படிப் பார்ப்பேன்? மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டுச் சட்டையில் நிற்க இவன் மட்டும் வெள்ளைச் சட்டை நீலக் காற்சட்டையோடு சபையில் நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம், எட்டு வயதுப் பையனுக்குச் சின்ன விஷயமில்லை. அப்புறம் அதே பள்ளியில் ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள், அது முழுக்க ஆங்கிலத்தில், ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பாதிப் பெற்றோர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், தகவல் அனுப்புவது வேறு, தகவல் போய்ச் சேர்வது வேறு.

தாளின் மூன்றாவது பகுதி அடுத்த வாரத்துக்கானது. என்றைக்கு உடற்கல்வி, என்றைக்கு என்ன கொண்டுவர வேண்டும், என்றைக்குப் பள்ளி இல்லை. இந்த ஆண்டு இது ரொம்பவே கைகொடுத்தது. கோவிட் காலத்துக்குப் பிறகு மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் 2026-ல்தான் மறுபடி ஜனவரிக்கு வந்திருக்கிறது, போன ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. விடுமுறை எப்போது என்று யாருக்கும் மனத்தில் நிற்கவில்லை. போதாததற்கு, சிலாங்கூரில் இருக்கிற என் அக்கா ஒரு தேதி சொல்வார், அங்கே சனி ஞாயிறு விடுமுறை, எங்களுக்கு வெள்ளி சனி. ஊடகத்தில் வருகிற அட்டவணையில் எந்தப் பிரிவு நமக்கு என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தாளில் எங்கள் பள்ளிக்கு என்ன தேதியோ அது மட்டும் இருக்கும்.

ஊசி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முதலாம் ஆண்டில், ஏழு வயதில், பள்ளிக்கே வந்து இரண்டு ஊசி போடுவார்கள்: தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸ் என்கிற இசிவுநோய்க்கும் ஒன்று, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஒன்று. பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் போட மாட்டார்கள். படிவம் மலாயில் வரும், நோயின் பெயரெல்லாம் மருத்துவப் பெயரில் இருக்கும், பாட்டிமார் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே என்று சொன்ன வீடுகள் உண்டு. இந்த ஆசிரியை படிவம் வருவதற்கு முந்தின வாரமே தாளில் எழுதிவிட்டார். என்ன ஊசி, எந்த நோய்க்கு, இதன் முந்தைய தவணையைக் குழந்தையாக இருக்கும்போது கிளினிக்கில் போட்டிருப்பீர்கள், இது தொடர்ச்சி, காலையில் பசியாறிவிட்டு அனுப்புங்கள், காய்ச்சல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அத்தை அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இட்லி கொடுத்தால் போதுமா, முட்டையும் கொடுக்கணுமா? அவ்வளவுதான், பயம் போய்விட்டது. எங்கள் வகுப்பில் எல்லாப் படிவமும் திரும்பி வந்ததாக அடுத்த வாரம் எழுதியிருந்தார்.

அதேபோல் எல்லா மாணவருக்கும் கிடைக்கிற 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி என்றைக்கு, யார் வந்து வாங்கலாம், பெற்றோரால் வர முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெளிவாகப் போட்டிருந்தார். நான் விடுப்பு எடுக்காமல் சமாளிக்க முடிந்தது. ஒருநாள் விடுப்பு என்றால் வருகைக் கொடுப்பனவு போய்விடும், அது எங்களுக்குக் கொஞ்ச பணம் இல்லை.

இனி குறைகள்.

முதலாவது, சுருக்கெழுத்துகள். பிபிடி, ஆர்எம்டி, எஸ்பிபிடி, பிஐபிஜி என்று சில வாரம் வரிசையாக வந்து விழும். ஆசிரியர்களுக்கு அது தினசரிப் பேச்சு, நமக்கு இல்லை. அடைவுநிலையை அவ்வளவு அழகாக விளக்கத் தெரிந்தவர் வகுப்பறை மதிப்பீடு, இலவச உணவுத் திட்டம், பாடநூல் இரவல் திட்டம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எழுதிவிட்டால் அத்தை என்னைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, 'இந்த வார நட்சத்திரம்' என்று ஒரு பிள்ளையின் படமும் பெயரும். நல்ல மனத்தோடுதான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் இருபது பேர்கூட இல்லாத வகுப்பில் யாருக்கு இரண்டு முறை வந்தது, யாருக்கு இன்னும் வரவில்லை என்று பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வியாழக்கிழமைகளில் தாளைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்கிறான், அவன் அம்மா சொல்லி வருத்தப்பட்டார். பரீட்சை வரிசையை எடுத்துவிட்டு இன்னொரு வரிசையை நாமே கொண்டுவர வேண்டாமே. மேலும் பிள்ளையின் முகமும் பெயரும் பள்ளியும் ஒரே படத்தில் புலனத்தில் போனால் அது எந்தக் குழு வரைக்கும் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகத்துக்குப் பதில் பிள்ளையின் கை எழுதியதைப் படமெடுத்துப் போடலாம், அதுவே இன்னும் அழகாக இருக்கும். இதை ஆசிரியையிடம் தனியாகச் சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றார்.

மூன்றாவது, பிள்ளையைப் பற்றிப் படிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. என் பிள்ளை இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறாள், தனியாக உட்கார்ந்திருக்கிறாளா, கேள்வி கேட்கக் கை தூக்குகிறாளா, இதெல்லாம் தாளில் வராது. எல்லோருக்கும் பொதுவான தாளில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுத முடியாது, புரிகிறது. கீழே ஒரு கோடு காலியாக விட்டு, மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பிள்ளைக்கு மட்டும் கையால் ஒரு வரி எழுதினால் போதும். சின்ன வகுப்பு என்பதால் இது முடியும் என்று நினைக்கிறேன். பெரிய பள்ளியில் முப்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் இதைக் கேட்பது நியாயமாகாது.

மலாய்ப் பகுதி சில வாரம் அவசரத்தில் எழுதியது போல இருக்கும், தமிழில் இருக்கிற கேள்வி அதில் விடுபட்டிருக்கும். வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னது. கேள்விதான் இந்தத் தாளின் உயிர் என்பதால் அதை விடவே கூடாது.

சில பெற்றோர் கேட்கிறார்கள், வாரம் தவறாமல் எழுதுவது ஆசிரியருக்குச் சுமையில்லையா என்று. சுமைதான். நாள் பாடத் திட்டம் எழுத வேண்டும், மதிப்பீடு பதிய வேண்டும், சின்னப் பள்ளியில் ஆசிரியர் குறைவு என்பதால் புறப்பாடம், விளையாட்டு, நூலகம் என்று ஒரே ஆள் தலையில் நாலு பொறுப்பு. அதனால்தான் நீளமான, வண்ணம் வண்ணமான தகவலை நான் கேட்கவில்லை. ஆசிரியையிடம் பேசியபோது அவர் சொன்னது: பாடத் திட்டத்தில் எழுதியதிலிருந்தே மூன்று வரியை எடுத்துக்கொள்கிறார், வடிவம் ஒவ்வொரு வாரமும் ஒன்றுதான், யோசிக்க நேரம் எடுப்பது அந்தக் கேள்விக்கு மட்டும். இப்படி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். ஜனவரியில் நான்கு பக்கத்தில் வண்ணத் தாளாக ஆரம்பித்து ஏப்ரலில் காணாமல் போகிற வாரத் தகவலைவிட ஆண்டு முழுக்க வருகிற ஒரு பக்கக் கறுப்பு வெள்ளைத் தாள் எவ்வளவோ மேல். நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. தாளில் இருக்கிற தேதியை மறுபடி ராத்திரியில் தனியாக அனுப்பிக் கேட்காதீர்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யாருக்கு இது ஒத்துவரும் என்று கேட்டால், முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரைக்கும் எல்லா வகுப்புக்கும் என்பேன், முக்கியமாகப் பாட்டி தாத்தா பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிற பள்ளிகளுக்கு. மேல் வகுப்புப் பிள்ளைகள் குறிப்பேட்டில் தாங்களே எழுதிக்கொண்டு வரலாம், அவர்களுக்கு வேறு மாதிரி வேண்டும். உங்கள் பள்ளியில் கேட்கப் போகிறீர்கள் என்றால் மூன்றைக் கேளுங்கள்: பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும், தமிழில் அச்சடித்த தாள் கையில் வரட்டும், வார விடுமுறைக்கு முந்தின நாள் வரட்டும். ஞாயிறு காலையில் வந்தால் எங்களுக்குப் பயனில்லை, பிள்ளையோடு உட்கார நேரம் கிடைப்பது வெள்ளியும் சனியும்தான்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரையைக் குறைத்தது 'இந்த வார நட்சத்திரம்' படத்துக்காகவும் சுருக்கெழுத்துக்காகவும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வகுப்புகளுக்கும் இதே தாள் வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுதிக் கொடுக்கப் போகிறேன், நகல் செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் சேர்த்து. கையெழுத்துப் போட விரும்புகிற எங்கள் பள்ளிப் பெற்றோர் வியாழக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது வாசல் கொட்டகையில் அத்தையிடம் போடலாம், தாள் அவரிடம்தான் இருக்கும்.